கழுத்துக்கு வந்த கயிறு

1933, ஏப்ரல் 27. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் லெ மார்ஸ் என்கிற சின்ன ஊர்.

கோர்ட் நடந்துகொண்டிருக்கிறது. நீதிபதி சார்லஸ் பிராட்லி தன் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். திடீரென்று திமுதிமுவென ஒரு கூட்டம் உள்ளே நுழைகிறது. ரவுடிகள் இல்லை, கொள்ளைக்காரர்கள் இல்லை. எல்லாரும் விவசாயிகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஜனங்கள்.

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கடன் பாக்கிக்காக நிலத்தை ஜப்தி செய்யும் உத்தரவு எதிலும் இனிமேல் கையெழுத்துப் போடக் கூடாது. அதற்குச் சத்தியம் செய்ய வேண்டும்.

நீதிபதி முடியாது என்றார்.

அவ்வளவுதான். அவரை இழுத்து, கண்ணைக் கட்டி, வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். கழுத்தில் கயிற்றை மாட்டி இறுக்கினார்கள். அப்போதும் மனுஷர் மசியவில்லை. நல்லவேளை, கொலை வரை போகவில்லை. கிரீஸைத் தலையில் கொட்டி, அவமானப்படுத்தி, ரோட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த வட்டாரத்துக்கே ராணுவச் சட்டம் போட வேண்டிய நிலைமை கவர்னருக்கு.

சாதுவான மனிதர்கள் நீதிபதியின் கழுத்தில் கயிறு மாட்டுகிற அளவுக்கு ஏன் போனார்கள்? தங்கள் கழுத்தில் ஏற்கெனவே ஒரு கயிறு இருந்ததுதான் காரணம். அந்தக் கயிற்றின் பெயர் அடமானக் கடன்.

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு?

சில மாதங்களுக்கு முன்னால் என் நண்பரின் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பிடித்தம் எல்லாம் போகக் கையில் 40,000 ரூபாய். மனைவி, இரண்டு குழந்தைகள், 9,000 ரூபாய் வாடகை வீடு. முகமெல்லாம் சிரிப்பு.

‘‘அண்ணே, 24 லட்சம் வரைக்கும் எனக்கு எலிஜிபிள்னு பாங்க்ல சொல்லிட்டாங்க!’’

‘எலிஜிபிள்.’ அந்த வார்த்தையை அவர் சொன்ன விதம் இருக்கிறதே, ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி! ‘உனக்கு இவ்வளவு தகுதி’ என்று பெரிய இடத்தில் ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் இனிக்காது?

ஆனால், அந்தத் தகுதியை யார் முடிவு செய்தார்கள்? எந்தக் கணக்கை வைத்து? அந்தக் கணக்கு யாருக்காகப் போடப்பட்டது? இந்த மூன்று கேள்விகளுக்கும் சரித்திரத்தில் பதில் இருக்கிறது. அதற்காகத்தான் லெ மார்ஸ் வரை போக வேண்டியதாயிற்று.

*

1920-களில் அமெரிக்காவில் வீட்டுக் கடன் எப்படி இருந்தது தெரியுமா? இன்றைக்கு நாம் பார்க்கும் 20 வருட இ.எம்.ஐ. எல்லாம் அபூர்வம். மூன்று முதல் ஐந்து வருடத்துக்குக் கடன் கொடுப்பார்கள். அதுவும் வீட்டு விலையில் பாதி அளவுக்குத்தான். கடன் வாங்கியவர் பெரும்பாலும் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வருவார். கெடு முடிந்ததும் அசல் மொத்தத்தையும் எடுத்து வைக்க வேண்டும்.

யாரால் முடியும்? முடியாது என்று பாங்க்குக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். அதனால் கெடு வந்ததும் புதுப்பித்துக்கொள்வார்கள். நம்ம ஊரில் நகையை மீட்காமல், வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறோமே, அதே கதை. விலையில் பாதிக்குமேல் தேவைப்பட்டவர்கள் அதே வீட்டின் மேல் இரண்டாவது அடமானமும் வைத்தார்கள். அதற்கு வட்டி இன்னும் அதிகம்.

அந்தக் காலத்தில் ‘என்னால் இந்தக் கடனைத் தாங்க முடியுமா?’ என்ற கேள்விக்கு அர்த்தம், ‘வட்டியைக் கட்ட முடியுமா?’ என்பதுதான். முடியும் என்றால் சரி. அசலைப் பற்றிய கவலை அப்புறம். வேலை இருக்கிறது, வீட்டு விலை ஏறுகிறது, பாங்க்காரர் சிரித்த முகத்தோடு புதுப்பித்துத் தருகிறார். வேறென்ன வேண்டும்?

1929-ல் பங்குச் சந்தை கவிழ்ந்தது. அடுத்த நான்கு வருடங்களில் ஆயிரக்கணக்கான பாங்க்குகள் மூடப்பட்டன. 1933-ல் வேலை செய்யக்கூடியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. கெடு முடிந்து புதுப்பிக்கப் போனால், ‘பணத்தை எடுத்து வை’ என்றது பாங்க். அதன் கழுத்தில் அதற்கொரு கயிறு!

வட்டி பாக்கியே வைக்காதவர்கள்கூட வீட்டை இழந்தார்கள். யோசித்துப் பாருங்கள். ஒழுங்காகக் கட்டி வந்தவருக்கும் அதே கதி. 1933-ல் நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் வீடுகள் கடனுக்காகப் பறிபோயின. கிராமத்தில் நிலம், நகரத்தில் வீடு. லெ மார்ஸ் விவசாயிகளின் ஆத்திரம் இந்தப் பின்னணியில் வந்ததுதான்.

முதல் பாடம் இது. ‘இந்த மாதம் கட்ட முடிகிறது’ என்பது வேறு. ‘இந்தக் கடனைத் தாங்க முடியும்’ என்பது வேறு.

*

அப்போதுதான் ஜனாதிபதி ஆகியிருந்த ரூஸ்வெல்ட் சும்மா இருக்கவில்லை. 1933 ஜூன் 13-ம் தேதி ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வீட்டு உரிமையாளர்களுக்காக ஓர் அரசுக் கடன் நிறுவனம் பிறந்தது. பாங்க்குகளிடம் இருந்த தவணை தவறிய கடன்களை அது வாங்கிக்கொண்டது. கடன்காரரிடம், ‘இனிமேல் எனக்குக் கட்டு. 15 வருடம். 5 சதவிகித வட்டி. அசலும் வட்டியும் சேர்த்து மாதாமாதம் ஒரே தொகை’ என்றது.

கவனித்தீர்களா? மாதாமாதம் ஒரே தொகை! இன்றைக்கு நாம் கட்டுகிற இ.எம்.ஐ.தான். இதை அரசாங்கம் கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது. உறுப்பினர்களிடம் பணம் சேர்த்து வீடு கட்டக் கடன் தரும் சங்கங்கள் இதைப் பல காலமாகவே செய்துவந்தன. ஆனால், தேசம் முழுக்க இதுதான் முறை என்று ஆனது அதன் பிறகுதான்.

கிட்டத்தட்ட 19 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 10 லட்சம் பேருக்கு மேல் கடன் கிடைத்தது. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வீடுகள் கடைசியில் கைவிட்டுப் போகத்தான் செய்தன. அரசாங்கமே இறங்கி வந்து, வட்டியைக் குறைத்து, வருடத்தை நீட்டிய பிறகும் முடியவில்லை. வருமானமே இல்லாத வீட்டில் வட்டியைக் குறைத்து என்ன பயன்?

அடுத்த வருடம், 1934-ல் இன்னொரு சட்டம். இந்த முறை அரசு கடன் தரவில்லை. பாங்க் தரும் கடனுக்கு இன்ஷூரன்ஸ் தந்தது. கடன் வாங்கியவர் கட்டாமல் போனால் பாங்க்குக்கு நஷ்டம் வராது. அதனால் வீட்டு விலையில் 80 சதவிகிதம் வரை, 20 வருடம் வரை என்று பாங்க்குகள் தாராளமாகக் கடன் கொடுக்க ஆரம்பித்தன.

இன்ஷூரன்ஸ் தருகிறவன் சும்மா தருவானா? கடன் வாங்குகிறவரின் வருமானம் என்ன, வீடு எப்படி, தெரு எப்படி என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டார்கள். இதில் ஓர் அநியாயமும் நடந்தது. கறுப்பின மக்கள் வாழும் பகுதி என்றால், ஆபத்தான பகுதி என்று ஒதுக்கிவிட்டார்கள். நிரந்தர வேலை, ஒழுங்கான சம்பளம் எல்லாம் இருந்தாலும் கடன் கிடையாது. மனிதரின் சம்பளத்தை எடைபோட வேண்டிய தராசு, அவரது தெருவையும் தோலையும் எடைபோட்டது.

இதில் நமக்கொரு செய்தி இருக்கிறது. கடன் கொடுப்பவரின் தராசு, கடன் கொடுப்பவருக்காகச் செய்யப்பட்டது. ‘என் பணம் திரும்பி வருமா?’ என்பதுதான் அதன் ஒரே கேள்வி. ‘இந்தக் குடும்பம் நிம்மதியாகச் சாப்பிடுமா?’ என்று அது கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

*

சரி, ‘சம்பளத்தில் 30 சதவிகிதத்துக்கு மேல் வீட்டுக்குச் செலவழிக்காதே’ என்று எல்லாரும் சொல்கிறார்களே, அந்த 30 எங்கிருந்து வந்தது? பெரிய பெரிய பொருளாதார மேதைகள் உட்கார்ந்து கண்டுபிடித்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பி.காம். படித்தவன் இல்லையா, எண் என்றால் ஒரு மரியாதை.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கத் தொழிலாளர்களிடையே ஒரு பேச்சுவழக்கு இருந்தது. ஒரு வாரச் சம்பளம், ஒரு மாத வாடகை. அதாவது, தோராயமாக நான்கில் ஒரு பங்கு. யாரும் ஆராய்ச்சி செய்து சொன்னதில்லை. அனுபவத்தில் வந்த வாய்க்கணக்கு.

1969-ல் அது சட்டம் ஆனது. அரசு கட்டிய குடியிருப்புகளில் வாடகை ஏறிக்கொண்டே போனது. ஏழைகள் திண்டாடினார்கள். எட்வர்ட் புரூக் என்ற செனட்டர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அமெரிக்க செனட்டுக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் கறுப்பினத்தவர் அவர். அரசுக் குடியிருப்பில் இருப்பவரிடம் வருமானத்தில் 25 சதவிகிதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்றது அந்தத் திருத்தம்.

1981-ல் ரீகன் ஆட்சி. பட்ஜெட்டில் செலவைக் குறைக்க வேண்டும். எங்கே கை வைக்கலாம் என்று தேடியபோது இதுவும் அகப்பட்டது. 25 சதவிகிதம் 30 ஆனது!

அவ்வளவுதான் சங்கதி. ஏழைகளின் சமையலறையில் எட்டிப்பார்த்து, ‘இவர்களால் இன்னும் ஐந்து சதவிகிதம் தாங்க முடியும்’ என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. அரசாங்கத்துக்குப் பணம் மிச்சமாக வேண்டியிருந்தது. அந்த 30-தான் இன்று உலகம் முழுக்க வேதவாக்கு மாதிரி சுற்றிவருகிறது. நம்ம ஊர் பாங்க்குகள் இன்னும் ஒரு படி மேலே. பொதுவாக, சம்பளத்தில் 40 முதல் 50 சதவிகிதம் வரை தவணைக்குப் போகலாம் என்று கணக்குப் போடுகின்றன. நண்பரின் தம்பிக்கு 24 லட்சம் வந்தது இப்படித்தான். 40,000-ல் பாதி 20,000. எட்டு சதவிகித வட்டியில், 20 வருடத்துக்கு, அந்தத் தவணைக்கு ஏறக்குறைய 24 லட்சம் கிடைக்கும்.

சதவிகிதக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இரண்டு லட்சம் சம்பளக்காரர் பாதியைக் கட்டினாலும் கையில் ஒரு லட்சம் நிற்கும். 40,000 சம்பளக்காரர் பாதியைக் கட்டினால் நிற்பது 20,000. அரிசிக் கடையிலும் காஸ் ஏஜென்ஸியிலும் இரண்டு பேருக்கும் விலை ஒன்றுதான். சம்பளம் சின்னதாக ஆக, அதே சதவிகிதம் அதிகமாக வலிக்கும்.

*

இந்த ஓட்டையை அடைத்த ஒரு கணக்கும் அமெரிக்காவில் இருக்கிறது. அதிகம் பேர் பேசாத கணக்கு.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944-ல், போர் வீரர்களுக்காக ஒரு சட்டம் வந்தது. ஊர் திரும்பும் வீரர்களின் வீட்டுக் கடனுக்கு அரசாங்கம் ஜாமீன் நிற்கும். கைக்காசு போட வேண்டியதில்லை. அந்தத் திட்டம் இன்றும் இருக்கிறது. காலப்போக்கில் அதில் ஒரு விதி சேர்ந்தது. வெறும் சதவிகிதம் மட்டும் பார்க்க மாட்டார்கள். வரி, தவணை, மற்ற கடன்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகிற செலவு, வீட்டுப் பராமரிப்பு எல்லாவற்றையும் கழித்த பிறகு கையில் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். பராமரிப்புக்கும் கரன்ட்டுக்கும் சதுர அடிக்கு இத்தனை சென்ட் என்றுகூட ஒரு கணக்கு.

மிஞ்சுகிற தொகைக்கு ஒரு பட்டியல் உண்டு. நான்கு பேர் உள்ள குடும்பம், அமெரிக்காவின் மேற்குப் பகுதி என்றால் மாதம் 1,117 டாலர் மிஞ்ச வேண்டும். தெற்கில் 1,003 டாலர். தனி ஆள் என்றால் அதில் பாதிக்கும் குறைவு போதும். அதாவது, எத்தனை வாய், எந்த ஊர் என்று கேட்கிறது இந்தக் கணக்கு. தவணைக்கு எவ்வளவு போகிறது என்பதோடு, சோற்றுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் பார்க்கிறது.

இதன் அருமை 2008-ல்தான் புரிந்தது.

2003 ஜூனில் அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி ஒரு சதவிகிதம். கடன் மலிவு. வீட்டு விலை ஏறிக்கொண்டே இருந்தது. கடன் கொடுத்த கம்பெனிகள் அதைத் தங்களிடமே வைத்துக்கொள்ளவில்லை. மூட்டை கட்டி வால் ஸ்ட்ரீட்டுக்கு விற்றார்கள். விற்ற அடுத்த நிமிடம் கமிஷன் கையில். கடன் திரும்பி வருமா என்பது வேறு யாருடைய தலைவலியோ.

‘என் பணம் திரும்பி வருமா?’ என்ற அந்த ஒரே கேள்விகூடக் காணாமல் போய்விட்டது. சம்பள சர்ட்டிஃபிகேட் இல்லாமலே கடன். வாயில் சொன்ன வருமானமே வருமானம். முதல் இரண்டு வருடம் குறைந்த வட்டி, அடுத்த 28 வருடம் சந்தை வட்டி என்று ஒரு ரகம் ரொம்பப் பிரபலம். உதாரணத்துக்கு, இரண்டு லட்சம் டாலர் கடன். முதல் இரண்டு வருடம் 7 சதவிகிதம் என்றால் மாதத் தவணை 1,331 டாலர். மூன்றாம் வருடம் வட்டி 10 ஆனால் தவணை சுமார் 1,740. சம்பளம் ஏறவில்லை. தவணை மட்டும் 400 டாலர் ஏறிவிட்டது.

மத்திய வங்கி 2004 ஜூனிலிருந்து 17 முறை வட்டியை ஏற்றியது. 2006 ஜூனில் 5.25 சதவிகிதம். வீட்டு விலை ஏற்றமும் நின்றது. அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2008 செப்டம்பர் 15, லேமன் பிரதர்ஸ் திவால்.

அந்தப் புயலில், கைக்காசே போடாத போர் வீரர்களின் கடன் முதலில் கவிழ்ந்திருக்க வேண்டும் இல்லையா? கவிழவில்லை. வாய்வார்த்தைக் கடன்கள் கொத்துக் கொத்தாக மூழ்கியபோது அவை தாக்குப் பிடித்தன. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால், மிச்சத்தைப் பார்க்கும் அந்தக் கணக்குக்கும் அதில் பங்கு உண்டு என்பது பலர் ஒப்புக்கொள்வது.

பட்ட பிறகு அமெரிக்காவுக்கும் புத்தி வந்தது. 2010-ல் சட்டம், 2014 ஜனவரியில் விதி. கடன் வாங்குகிறவரால் திருப்பிக் கட்ட முடியுமா என்று ஆதாரத்தோடு பார்த்துவிட்டுத்தான் கடன் தர வேண்டும். இதைச் சொல்வதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது, பாருங்கள்!

*

நம்ம கதைக்கு வருவோம்.

ஒரு காலத்தில் இங்கே வீடு என்பது ரிடையர் ஆன பிறகு வருவது. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் கைக்கு வந்தபிறகு, நகையும் கொஞ்சம் விற்று, அஸ்திவாரம் தோண்டுவார்கள். 1977-ல் எச்.டி.பரேக் என்பவர் வீட்டுக் கடனுக்கென்றே எச்.டி.எஃப்.சி.யை ஆரம்பித்தார். ஐ.சி.ஐ.சி.ஐ.யில் பெரிய பதவி வகித்து ஓய்வுபெற்ற மனிதர். வயதான காலத்தில் அல்ல, உழைக்கிற காலத்திலேயே மத்தியதர வர்க்கம் சொந்த வீட்டில் வாழ வேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம். லட்சக்கணக்கான குடும்பங்கள் அப்படித்தான் சொந்தக் கூரைக்கு வந்தன. வீட்டுக் கடனே கூடாது என்று நான் சொல்லவரவில்லை.

ஆனால், இங்கேயும் அந்த இனிப்பு மிட்டாய் வந்தது. 2009 வாக்கில், முதலில் சில வருடம் குறைந்த வட்டி, பிறகு சந்தை வட்டி என்ற திட்டங்கள் பிரபலமாயின. 2010 நவம்பரில் ரிசர்வ் வங்கி அந்தக் கடன்களுக்குக் கூடுதலாகப் பணம் ஒதுக்கி வைக்கச் சொல்லிக் கடிவாளம் போட்டது. 2009-ல் 4.75 சதவிகிதமாக இருந்த ரெப்போ வட்டி, 2011 அக்டோபரில் 8.5.

அதை மறந்துவிட்டோம். 2020 மே மாதம் ரெப்போ 4 சதவிகிதத்துக்கு இறங்கியது. 7 சதவிகிதத்துக்குள் வீட்டுக் கடன் என்று நிறைய பேர் வாங்கினார்கள். 2022 மே மாதம் ஏற ஆரம்பித்து, 2023 பிப்ரவரியில் 6.5-ல் வந்து நின்றது. பத்தே மாதத்தில் இரண்டரை சதவிகிதம். (2025-ல் மறுபடி இறங்கியது. ஏறி இறங்குவதுதான் அதன் குணம்.)

இரண்டரைதானே என்று நினைக்காதீர்கள். 20 லட்சம் கடன், 20 வருடம், 7 சதவிகிதம். தவணை 15,506 ரூபாய். வட்டி 9.5 ஆனால் தவணை 18,643. மாதம் 3,100 ரூபாய் கூடுதல். ‘தவணையை ஏற்ற வேண்டாம், வருடத்தை நீட்டுங்கள்’ என்றால்? 20 லட்சத்துக்கு 9.5 சதவிகிதத்தில் ஒரு மாத வட்டி மட்டுமே 15,833. பழைய தவணை வட்டிக்கே பற்றவில்லை. எத்தனை வருடம் நீட்டினாலும் கடன் தீராது, வளரும்! பேரன் கட்டினாலும் முடியாது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்கும் ஓர் உத்தரவு போட்டது. தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். கடன் வளர்கிற மாதிரி நீட்டக் கூடாது.

*

நண்பரின் தம்பியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சொன்னால் ஓடியே போயிருப்பார். ‘‘வீட்ல கணக்கு நோட்டு இருக்கா தம்பி?’’ என்று மட்டும் கேட்டேன்.

இருந்தது. அவர் மனைவி எழுதுகிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் நோட்டோடு வந்தார்கள். மளிகை, பால், காய்கறி, காஸ் 10,000. ஸ்கூல் ஃபீஸ் மாதக் கணக்கில் 4,500. பெட்ரோல் 3,000. கரன்ட், போன் 2,000. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு 3,000. மருந்து 1,500. எல்.ஐ.சி. 2,000. துணிமணி, மொய், பண்டிகை 1,500. மொத்தம் 27,500.

40,000-ல் இதைக் கழித்தால் 12,500. பார்த்திருக்கும் ஃப்ளாட் இன்னும் தள்ளி. பெட்ரோல் 1,500 கூடும். பராமரிப்பு, வீட்டு வரி 1,500. மிச்சம் 9,500.

பாங்க் சொன்ன தவணை 20,000. நோட்டு சொன்ன தவணை 9,500.

‘‘இன்க்ரிமென்ட் வரும்ல அண்ணே?’’

வரும். பல பேருக்கு முதல் ஐந்து வருடம்தான் கஷ்டம், அப்புறம் சம்பளம் ஏறித் தவணை சுலபமாகிவிடும். உண்மைதான். ஆனால், குழந்தைகள் ஆறாவது, ஏழாவது போகும்போது ஃபீஸும் ஏறும். 1929-ல் அமெரிக்கரும் சம்பளம் ஏறும் என்றுதான் நினைத்தார். ஏறலாம் என்பதை ஏறிவிட்டது என்று வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

‘‘வரி மிச்சம்ங்கறாங்களே?’’

மாதம் 40,000 ரூபாய் வாங்குகிறவருக்கு வருமான வரியே கிடையாது. இல்லாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது?

வட்டி இரண்டு சதவிகிதம் ஏறினாலும் தாங்க வேண்டும் என்று வைத்து, 9,500 தவணைக்குப் பத்து சதவிகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கடன் 10 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. பாங்க்கின் 24 லட்சம், நோட்டின் 10 லட்சம். அந்த 14 லட்சம்தான் கயிறு.

அவர் முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒருவரின் சொந்த வீட்டுக் கனவில் கல் போட நான் யார்?

‘‘என் பேச்சைக் கேக்க வேணாம். ஒத்திகை பாருங்க’’ என்றேன். ‘‘தவணை 20,000. வாடகை 9,000. வித்தியாசம் 11,000. லோன் வாங்கிட்ட மாதிரியே நினைச்சுக்கிட்டு, மாசம் ஒண்ணாம் தேதி 11,000 ரூபாயை ஆர்.டி.யில போடுங்க. ஆறு மாசம். அதுல கை வைக்கக் கூடாது. முடிஞ்சா தைரியமா வாங்குங்க. முடியலைன்னா பணம் உங்களுதுதான், வட்டியோட திரும்ப வரும்.’’

ஒப்புக்கொண்டார்கள். முதல் மாதம் எப்படியோ போட்டார்கள். இரண்டாம் மாதம் ஊருக்கு அனுப்பும் பணத்தைப் பாதியாக்கினார்கள். மூன்றாம் மாதம் ஸ்கூல் திறந்தது. அந்த மாதம் ஆர்.டி.க்குப் பணம் கட்ட முடியவில்லை.

போன வாரம் அவர் மனைவியைக் கடைத்தெருவில் பார்த்தேன். பத்து லட்சத்துக்குள் கடன் வைத்துக்கொண்டு, பழைய வீடாக, சின்னதாக, கொஞ்சம் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை என்று தேடுகிறார்களாம். கைக்காசு சேர இன்னும் மூன்று வருடமாவது ஆகும். அதுவரை வாடகை வீடுதான்.

‘‘வருத்தமா இருக்காம்மா?’’ என்றேன்.

‘‘இருக்குண்ணா. ஆனா அந்த மூணாவது மாசம், ஊருக்குப் பணம் அனுப்பாம மாமாகிட்ட போன்ல பொய் சொன்னோம் பாருங்க, இருபது வருஷம் அப்படிப் பொய் சொல்லணுமேன்னு நினைச்சேன்’’ என்றார்.

லெ மார்ஸிலிருந்து வால் ஸ்ட்ரீட் வரை எத்தனையோ பேர் எத்தனையோ ஃபார்முலா போட்டுப் பார்த்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் நோட்டில் இருந்த கணக்கு அவை எல்லாவற்றையும்விடச் சரியாக இருந்தது. பாங்க் பார்ப்பது உங்கள் சம்பளத்தை. நீங்கள் பார்க்க வேண்டியது, சம்பளத்தில் எல்லாம் போக நிற்கிற மிச்சத்தை.